குதிரைக்கும் சேர்த்துச் சான்று சொல்லும் வேலை: குதிரையேற்றக் கூட்டமைப்பு எதற்காக?

ஓசூரிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய பன்னிரண்டு வயது மகள், மாநில எல்லையைத் தாண்டி பெங்களூருப் பக்கம் உள்ள ஒரு குதிரையேற்றப் பள்ளியில் பயிற்சி பெறுகிறாள். அடுத்த பருவத்தில் போட்டியில் இறங்க வேண்டுமானால் இந்தியக் குதிரையேற்றக் கூட்டமைப்பில் பதிவு செய்தாக வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்கிறார். "குதிரை பள்ளியுடையது, பயிற்சி பள்ளியுடையது, செலவு என்னுடையது. இடையில் டெல்லியில் இருக்கும் ஓர் அமைப்புக்கு நான் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? அது என்னதான் செய்கிறது?" என்று கேட்கிறார். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நெடுங்காலம் கால்நடை மருத்துவம் பார்த்தவன், சில போட்டிகளில் குதிரைகளைப் பரிசோதிக்கும் பணியில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கூட்டமைப்பு போட்டி நடத்துகிறது என்பது பாதி பதில்தான். களத்தில் கம்பு நட்டு, மணல் பரப்பி, லாயம் ஒதுக்கிக் கொடுப்பவை பெரும்பாலும் கிளப்புகளும் ராணுவ மையங்களும் பள்ளிகளுமே. கூட்டமைப்பின் தனிப்பட்ட வேலை சான்றளிப்பது. களத்தில் நிற்பது எந்தக் குதிரை, அது ஓடத் தகுதியான உடல்நிலையில் இருக்கிறதா, அதன் உடம்பில் மருந்து ஏதும் ஏற்றப்பட்டிருக்கிறதா, பெங்களூருவில் கிடைத்த மதிப்பெண்ணை ஜெர்மனியில் இருப்பவர் நம்பலாமா என்ற கேள்விகளுக்கெல்லாம் பொறுப்பேற்றுப் பதில் சொல்ல ஒருவர் வேண்டும். கபடிக்கோ கைப்பந்துக்கோ விளையாடுபவரை மட்டும் பார்த்தால் போதும். இங்கே களத்தில் இறங்கும் இருவரில் ஒருவருக்குப் பேசத் தெரியாது. கால் வலிக்கிறது என்று சொல்லாது, எனக்கு ஊசி போட்டார்கள் என்று புகார் கொடுக்காது. தேசிய அமைப்பின் விதிகளில் பெரும்பகுதி குதிரையைச் சுற்றியே எழுதப்பட்டிருப்பதற்கு இதுவே காரணம்.

அமைப்பின் ஏணியை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். உலக அளவில் தலைமை அமைப்பு 1921-இல் தொடங்கப்பட்ட சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு. அதன் தலைமையகம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருக்கிறது. பிரெஞ்சுப் பெயரின் சுருக்கமாக எஃப்.இ.ஐ. என்றே எல்லோரும் சொல்வார்கள். ஒரு நாட்டுக்கு ஒரே ஒரு தேசிய அமைப்பைத்தான் அது ஏற்றுக்கொள்ளும். இந்தியாவுக்கு அந்த இடத்தில் இருப்பது 1967-இல் தொடங்கப்பட்ட இந்தியக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, அதாவது ஈ.எஃப்.ஐ. தடைதாண்டலான ஷோ ஜம்பிங், குதிரையின் நடையையும் பணிவையும் அளக்கும் டிரெசாஜ், இவை இரண்டோடு காட்டுவழி ஓட்டத்தையும் சேர்த்து நடத்தும் ஈவென்டிங் ஆகிய மூன்றும் ஒலிம்பிக்கில் உள்ளவை. நெடுந்தூர ஓட்டமான எண்டூரன்ஸும், ஈட்டியால் தரையிலுள்ள முளையைக் குத்தி எடுக்கும் டென்ட் பெக்கிங்கும் நம் நாட்டில் இதே கூட்டமைப்பின் கீழ் வருகின்றன. பந்தயக் குதிரை ஓட்டம் இதில் சேராது. அது டர்ஃப் கிளப்புகளின் ஆட்சி. போலோவுக்குத் தனிச் சங்கம் உண்டு. நம் பக்கத்துத் திருவிழாக்களில் ஓடும் குதிரைவண்டிப் பந்தயத்துக்கும் இந்த அமைப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ராணுவத்தின் நிழல் இந்த அமைப்பின் மீது ஏன் இவ்வளவு அழுத்தமாக விழுகிறது என்று பலர் கேட்பதுண்டு. குதிரை, லாயம், கால்நடை மருத்துவர், பயிற்சி பெற்ற வீரர் என நான்கும் ஒரே இடத்தில் நெடுங்காலம் இருந்தது ராணுவத்தில்தான். ஜெய்ப்பூரின் 61-ஆவது குதிரைப்படை, மீரட்டிலுள்ள ராணுவக் கால்நடைப் பிரிவின் மையம், பெங்களூருவில் உள்ள ராணுவ சேவைப் பிரிவின் மையம் ஆகியவை இல்லாவிட்டால் நமக்குத் தேசிய அணியே இருந்திருக்காது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங் ஷாஜாதா என்ற குதிரையில் ஏறி ஈவென்டிங்கில் தனிநபர் தங்கம் வென்றார். அணிக்கும் தங்கம் கிடைத்தது. டென்ட் பெக்கிங்கில் ரூபிந்தர் சிங் பிரார் இன்னொரு தங்கம் வென்றார். ஆனால் அந்தப் பெருமையின் நிழலில் தனியார் பள்ளிகளில் வளரும் பிள்ளைகளுக்கான வழி மெதுவாகவே திறந்தது என்பது என் கருத்து.

இனி குதிரையின் காகிதத்துக்கு வருகிறேன். தகப்பனார் கட்டும் பணத்துக்கு நேரடியான பொருள் இங்கேதான் இருக்கிறது.

போட்டியில் இறங்கும் ஒவ்வொரு குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு, வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் எப்படியோ அப்படி. அதில் குதிரையின் படம் கோட்டோவியமாக அச்சிடப்பட்டிருக்கும். இடப்பக்கம், வலப்பக்கம், முகம், நான்கு கால்கள் எனத் தனித்தனியாக. நெற்றியில் உள்ள வெள்ளை, காலில் உள்ள வெள்ளை, தழும்பு எல்லாவற்றையும் மருத்துவர் அந்த ஓவியத்தில் வரைய வேண்டும். ரோமம் சுழித்து நிற்கும் இடங்களைச் சிறிய பெருக்கல் குறியால் காட்ட வேண்டும். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தைக்குப் போனவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அங்கே குதிரை வாங்க வருபவர் முதலில் தடவிப் பார்ப்பது சுழியைத்தான்; இந்தச் சுழி இருந்தால் குடும்பத்துக்கு ஆகும், அந்தச் சுழி இருந்தால் ஆகாது என்று விலையே மாறிவிடும். லோசானில் இருக்கும் அமைப்பும் அதே சுழியைத்தான் கேட்கிறது, ஆனால் ராசிக்காக அல்ல. வெள்ளையே இல்லாத இரண்டு கருஞ்சிவப்புக் குதிரைகளை வேறுபடுத்திக் காட்ட, மாறாத அடையாளம் அதுதான். இப்போது கழுத்தின் இடப்பக்கம் பதினைந்து இலக்க எண் கொண்ட மைக்ரோசிப்பும் செலுத்தப்படுகிறது. போட்டி வாசலில் கருவியைக் கழுத்தோரம் கொண்டுபோனால் எண் வரும். அதைப் பாஸ்போர்ட் எண்ணோடு ஒப்பிட்ட பிறகே குதிரை லாயத்துக்குள் நுழையும்.

பாஸ்போர்ட்டின் அடுத்த முக்கியப் பகுதி தடுப்பூசிப் பக்கம். சர்வதேசப் போட்டிக்கு வரும் குதிரைக்குக் குதிரைக் காய்ச்சல் எனப்படும் இன்ஃப்ளுயென்சா தடுப்பூசியின் ஊக்க ஊசி கடந்த ஆறு மாதம் இருபத்தொரு நாட்களுக்குள் போடப்பட்டிருக்க வேண்டும். குதிரை வந்து சேர்வதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள் போடப்பட்டிருக்கக் கூடாது. தேதி, ஊசி மருந்தின் தொகுதி எண், மருத்துவரின் கையொப்பம், முத்திரை எல்லாம் வேண்டும். ஒரு போட்டியில் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், ஊசி போட்டது உண்மையாக இருந்தும், பக்கத்தில் கையொப்பம் விடுபட்டிருந்ததால் குதிரையை இறக்க முடியாமல் வாகனத்தடியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். பள்ளியின் அலட்சியத்துக்குப் பிள்ளை தண்டனை அனுபவித்தாள். அன்று பொறுப்பில் இருந்தவர்கள் மனம் இளகியிருந்தால், மற்ற குதிரைகளோடு வந்தவர்கள் அந்தக் களத்தை நம்பியிருக்க மாட்டார்கள்.

அதன் பிறகு வருவது குதிரையை நடத்திப் பார்த்தல். கெட்டியான சமதரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, முதலில் நடை, பிறகு நேர்கோட்டில் பெருநடை, திரும்பி மருத்துவரை நோக்கி வருதல். பார்ப்பதற்கு ஒரு நிமிட வேலை. முன்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தலை இறங்கும். பின்காலாக இருந்தால் இடுப்பெலும்பின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க வேண்டும். லாடத்தின் ஒலி நான்கு முறையும் ஒரே மாதிரி கேட்கிறதா என்று காதும் வேலை செய்ய வேண்டும். ஐயம் இருந்தால் மறுபரிசோதனைக்கு ஒதுக்கி வைப்பார்கள். எண்டூரன்ஸில் இது இன்னும் கடுமை. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் இதயத் துடிப்பு குறித்த நேரத்துக்குள் நிமிடத்துக்கு 64-க்கு இறங்காத குதிரை எவ்வளவு முன்னணியில் வந்தாலும் வெளியேற வேண்டியதுதான்.

மருந்து விஷயத்தில் விதி இரண்டு வகையாகப் பிரிகிறது. எந்த நிலையிலும் குதிரைக்குக் கொடுக்கக் கூடாதவை ஒரு பட்டியல். சிகிச்சைக்குக் கொடுக்கலாம், ஆனால் போட்டி நாளில் உடம்பில் இருக்கக் கூடாது என்பவை இன்னொரு பட்டியல். நம் ஊர் லாயங்களில் வலிக்குச் சர்வசாதாரணமாகக் கொடுக்கும் ஃபினைல்பியூட்டசோன் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. லாயக்காரர் நல்லெண்ணத்தோடு முந்தின வாரம் கொடுத்த மருந்து சோதனையில் தென்பட்டாலும் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் சவாரி செய்தவரே. குதிரைக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று எழுதிவைக்கும் ஏடு லாயத்தில் இருக்கிறதா என்று தகப்பனார் கேட்பது எந்த விதத்திலும் அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

இவ்வளவு கட்டுப்பாடு தேவையா என்று கேட்பவர்களுக்கு டோக்கியோவை நினைவூட்டுவேன். 2021-இல் நடந்த அந்த ஒலிம்பிக்கில், ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த நவீன பென்டத்லான் போட்டியில், குலுக்கலில் கிடைத்த பழக்கமில்லாத குதிரை அடம்பிடிக்க, வீராங்கனை ஒருவர் அதை அடித்த காட்சியை உலகமே பார்த்தது. அந்தப் போட்டி குதிரையேற்றக் கூட்டமைப்பின் கீழ் இல்லை. பென்டத்லானுக்குத் தனி அமைப்பு. விளைவு, பாரிஸ் ஒலிம்பிக்கோடு பென்டத்லானிலிருந்து குதிரையேற்றமே நீக்கப்பட்டது. குதிரையேற்றக் கூட்டமைப்பின் வீடும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். 2024-இல் பாரிஸ் தொடங்கும் தறுவாயில், மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரிட்டனின் ஷார்லட் டுஜார்டின், பயிற்சியின்போது குதிரையைச் சாட்டையால் அடித்த காணொளி வெளிவந்து விலக நேர்ந்தது, எஃப்.இ.ஐ. அவருக்கு ஓராண்டுத் தடை விதித்தது. பெரிய பெயர் என்று பார்க்காமல் தடை போட ஓர் அமைப்பு இருந்தது என்பதுதான் இந்த இரண்டு நிகழ்வுக்கும் உள்ள வேறுபாடு.

அடுத்து, நோய். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஓசூர் மத்திகிரியில் இன்றிருக்கும் கால்நடைப் பண்ணை 1824-இல் படைக்குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்ட இடம்தான். குதிரைக் கூட்டத்தை ஓரிடத்தில் சேர்த்தால் நோயையும் சேர்த்தே கையாள வேண்டும் என்பதைப் படைக்காரர்கள் அறிந்திருந்தார்கள். குதிரை நோய்களில் மிகவும் அஞ்சத்தக்கது கிளாண்டர்ஸ், மனிதருக்கும் தொற்றும். இரத்தப் பரிசோதனையில் உறுதியானால் அந்தக் குதிரையைக் கருணைக்கொலை செய்வதைத் தவிர வேறு வழியில்லை. இந்நோய் நம் நாட்டில் அவ்வப்போது தலைகாட்டுவதால், இந்தியாவில் வளர்ந்த குதிரையை வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்புவது நெடுங்காலம் ஏறக்குறைய நடவாத காரியமாக இருந்தது. நம் வீரர்கள் ஐரோப்பாவிலேயே குதிரை வாங்கி, அங்கேயே தங்கிப் பழகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நோய்க்காப்பு விதியின் வலிமை எத்தகையது என்பதற்கு ஒலிம்பிக் வரலாற்றிலேயே சான்று உண்டு: 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஆஸ்திரேலியாவின் தனிமைப்படுத்தல் சட்டத்தால் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் நடந்தன, 2008 பெய்ஜிங்கின் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன.

இந்த நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. மீரட் ராணுவக் கால்நடை மையத்தில், வெளியிலிருந்து எந்தத் தொற்றும் உள்ளே வராதபடி பராமரிக்கப்படும் நோயற்ற வளாகம் ஒன்று அமைக்கப்பட்டு, 2025 ஜூலையில் உலக விலங்கு சுகாதார அமைப்பின் அங்கீகாரத்தைப் பெற்றது. அங்கே வைத்துப் பராமரிக்கப்படும் குதிரைகள் வெளிநாடு செல்ல இனி வழி உண்டு. ஓசூரில் ஒரு பள்ளிக் குதிரையில் சவாரி செய்யும் சிறுமிக்கு இதனால் நாளையே எதுவும் மாறிவிடாது. ஆனாலும் ஐரோப்பாவில் லாயம் வைக்கும் வசதி இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்குக் கதவு சற்றேனும் திறந்தது இதனால்தான்.

மதிப்பெண்ணுக்கான சான்று பற்றி. தடைதாண்டலில் கம்பு விழுந்தால் நான்கு பிழை. இதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் தடைகளை அமைப்பவர் நினைத்தால் ஒரே உயரத்தில் எளிய களத்தையும் கடிய களத்தையும் அமைக்க முடியும். பாய்ச்சலில் குதிரை ஒரு தாவலுக்கு ஏறத்தாழ மூன்றரை மீட்டர் கடக்கும். இரண்டு தடைகளுக்கு இடையே அரைத் தாவல் தூரம் கூட்டிவிட்டால் பழகாத பிள்ளை தடுமாறிவிடும். அதனால்தான் எஃப்.இ.ஐ. நடத்தும் உலக ஜம்பிங் சேலஞ்ச் போன்ற போட்டிகளில், பல நாடுகளில் ஒரே வரைபடத்தில் களம் அமைத்து, யாரும் நாட்டைவிட்டு நகராமலேயே முடிவுகளை ஒப்பிடுகிறார்கள். நம் நாட்டுப் பிள்ளைகளும் இவற்றில் இறங்குகிறார்கள். என் அனுபவத்தில் ஒரு பிள்ளையின் உண்மையான தரத்தைக் காட்ட இதைவிட நல்ல கண்ணாடி இல்லை.

டிரெசாஜ் இன்னும் நுட்பமானது. 20-க்கு 60 மீட்டர் களத்தில் ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர் பூஜ்யம் முதல் பத்து வரை இடுவார். இங்கே நடுவரின் கண்தான் அளவுகோல். அந்தக் கண்ணைப் பழக்கித் தேர்வு வைத்துத் தரம் பிரிப்பது கூட்டமைப்பின் கடமை. நம் நாட்டின் பலவீனம் இங்கே இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. குதிரை உலகம் சிறியது. இன்று நடுவராக உட்காருபவர் நேற்று பயிற்சியாளர். நாளை குதிரை விற்பவர். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் ஐயம் எழத்தான் செய்யும். வெளிநாட்டு நடுவரை அழைத்தால் செலவு ஏறும். அந்தச் செலவு நுழைவுக் கட்டணத்தில் வந்து நிற்கும். அந்தக் கட்டணத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

இந்த நம்பகத்தன்மையின் மேல்தான் தேர்வும் நிற்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கின் டிரெசாஜில் நுழையவே, உரிய தரமுள்ள சர்வதேசப் போட்டியில், டிரெசாஜின் உச்ச நிலையான கிராண்ட் ப்ரீ சுற்றில் 67 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். அதுவும் குதிரையும் வீரரும் ஒரே இணையாக. குதிரை மாறினால் தகுதியும் போய்விடும். பெங்களூருவின் ஃபவாத் மிர்சா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஈவென்டிங் வெள்ளி வென்றபோது, 1982-க்குப் பிறகு கிடைத்த முதல் தனிநபர் பதக்கம் அது. டோக்கியோவில் அவர் இறுதிச்சுற்று வரை சென்று 23-ஆம் இடம் பெற்றார். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா ஆகிய நால்வரும் டிரெசாஜ் அணித் தங்கத்தை வென்றார்கள். அனுஷுக்குத் தனிநபர் வெண்கலமும் கிடைத்தது. பாரிஸில் டிரெசாஜில் இறங்கிய முதல் இந்தியரும் அவரே. ஒலிம்பிக் இடம் நாட்டுக்குரியது, வீரருக்குரியதன்று. யாரை அனுப்புவது என்பதைக் கூட்டமைப்பு முன்கூட்டியே எழுதி வெளியிட்ட விதிப்படி முடிவு செய்ய வேண்டும். அந்த விதி கடைசி நேரத்தில் திருத்தப்பட்டதாகத் தோன்றினால் வழக்கு எழும். தேர்வு குறித்த வழக்குகள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனதுண்டு.

கூட்டமைப்பை ஆள்வது யார் என்பதும் நெடுநாள் வழக்குதான். அரசின் 2011 விளையாட்டு நெறிமுறை, தேசிய அமைப்பில் மாநிலச் சங்கங்கள் வாக்களிப்பதை எதிர்பார்த்தது. குதிரையேற்றத்தில் கிளப்புகளுக்கும் வாக்கு இருந்தது; இதை எதிர்த்து ஒரு மாநிலச் சங்கம் நீதிமன்றம் சென்றது. இரு பக்கமும் ஓரளவு நியாயம் உண்டு. போட்டிக்குரிய குதிரையே இல்லாத மாநிலத்துக்கு ஒரு வாக்கு, நூறு குதிரை வைத்திருக்கும் மையத்துக்கு வாக்கில்லை என்பது விசித்திரம்; கிளப் வைத்திருப்பவர்களே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தால் பள்ளிக் குதிரையில் ஏறும் பிள்ளையின் குரல் எங்கும் ஒலிக்காது என்பதும் உண்மை. 2025-இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், நிர்வாகக் குழுவை 15 பேருக்குள் நிறுத்தி, அதில் சிறந்த விளையாட்டு வீரர்கள் இருவராவது, பெண்கள் நால்வராவது இருக்க வேண்டும் என்கிறது. தகராறுகளுக்குத் தனித் தீர்ப்பாயத்தையும் ஏற்படுத்துகிறது. வீரர்களுக்கு ஒதுக்கிய இடங்கள் ஓய்வுபெற்ற அதிகாரிகளின் கைக்குப் போகாமல் இருந்தால் இதனால் பயன் உண்டு.

ஆகவே ஓசூர் தகப்பனாருக்கு என் பதில், பணத்தைக் கட்டுங்கள் என்பதே. ஆனால் கட்டும்போது சிலவற்றைப் பாருங்கள். சர்வதேச விதிப்படி சிறார் பிரிவு என்பது 12 வயதை எட்டும் ஆண்டின் தொடக்கம் முதல் 14 வயதை எட்டும் ஆண்டின் முடிவு வரை; பிறந்த மாதம் அல்ல, ஆண்டுதான் கணக்கு. பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரும், தலைப்பெழுத்து உட்பட, ஒன்றாக இருக்கட்டும். நம் ஊர்ப் பெயர்களுக்கு வடக்கே இருக்கும் படிவங்களில் ஏற்படும் குழப்பம் பின்னாளில் தலைவலியாகும். பதிவு உங்கள் மகளின் பெயரில் இருக்கிறதா, பள்ளி வழியாக மட்டும் இருக்கிறதா, பள்ளி மாறினால் என்னவாகும் என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் அட்டவணை அறிக்கை ஒன்று வரும்; நடுவர், களம் அமைப்பவர், மருத்துவர் ஆகியோரின் பெயர்களும் கூட்டமைப்பின் ஒப்புதலும் அதில் இல்லாவிட்டால், அங்கே வாங்கும் கோப்பை வரவேற்பறைக்கு மட்டுமே உதவும். சொந்தக் குதிரை வாங்க இப்போது அவசரப்படத் தேவையில்லை. பருவத்துக்குக் குத்தகையாக ஒரு குதிரையைக் கொடுக்கப் பள்ளி முன்வந்தால், பணம் பேசுவதற்கு முன் அதன் பாஸ்போர்ட்டை வாங்கி, உரிமையாளர் பக்கத்தையும் தடுப்பூசிப் பக்கத்தையும் பார்த்து, சிப்பைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எண் பொருந்தவில்லை என்றால் அந்தக் குதிரை வேண்டாம்.